பத்துப் பேர் நாடி

கைப்பேசியில் ஒரு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது ஜெனிபர் அப்பாவின் மணிக்கட்டை விடவில்லை. நூற்று நான்கு வந்திருந்தது. அறுபதிலிருந்து நூறு வரை இருக்கலாம் என்பது புத்தகக் கணக்கு. எண்ணியதில் தப்பு இருக்கும் என்று மறுபடியும் எண்ணினாள். நூற்று எட்டு வந்தது.

"நைனா, உனக்கு மயக்கம் எதுனா வருதா?"

"இட்லி ஆறிக்கினு கீது. அதான் கவல," என்றார் தாவீது.

ஜெனிபர் பொன்னேரியில் நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறாள். பல்லிக்குப் பயம், இருட்டுக்குப் பயம், வாய்மொழித் தேர்வுக்குப் பயம் என்று வளர்ந்த பெண் நர்சிங்கில் சேர்ந்ததைச் சொந்தக்காரர்கள் இன்னும் நம்பவில்லை. பத்துப் பேருக்கு நாடி பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதி வரவேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஹெலன் மேடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம்கூட எழுதாமல், முதல் ஆளாக அப்பாவைப் பிடித்திருந்தாள்.

மணிக்கட்டில் மூன்று விரலை வைக்க வேண்டும், கட்டைவிரலை வைக்கக் கூடாது, ஏன் என்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருந்தார் மேடம். அப்போதே நாலு பத்து ரயிலைப் பிடிக்கக் கும்மிடிப்பூண்டிப் பெண்கள் பையோடு எழுந்துவிட்டிருந்தார்கள். மூன்று விரலை வைத்துப் பார்த்ததில் ஜெனிபருக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. மூன்று விரல் எல்லாம் விரல்நுனியில் சாப்பிடுகிறவர்களின் நாசூக்கு என்று அவள் விட்டுவிட்டாள்.

நாடி வேறு எந்த நாளில் எகிறியிருந்தாலும் பரவாயில்லை. தாவீது ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட் கூலி. ஒரு புதுக் கம்பெனியில் அவரைக் கிரேன் ஆபரேட்டராக எடுக்கப் போகிறார்கள், அதுவும் பர்மனென்ட்டாக. அதற்கு மெடிக்கல் செக்கப் இன்றைக்குப் பத்து மணிக்கு. தேறினால் வேலை, வராமல் போனால் பட்டியலில் அடுத்த ஆள்.

படுத்தால் நாடி இறங்கும் என்று புத்தகத்தில் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கை கழுவ வைத்துப் பாயில் படுக்க வைத்தாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நூற்றுப் பதினாலு. படுத்தும் ஏறுகிறது என்றால் அது சாதாரணக் கோளாறு இல்லை.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த சாராள், அந்த மனுஷனை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்க்கச் சொல்லி நீட்டினாள். காலையிலிருந்து மாவு, சட்னி என்று ஓடுகிறவள், நல்லபடியாக ஓர் எண் வந்தால் மகள் அடங்குவாள் என்று நினைத்தாள். நூற்றுப் பத்தொன்பது வந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் உறைமோர் கேட்டு வந்தாள். ஒரு கையில் குடம், இடுப்பில் குடம் என்று தண்ணீர் தூக்குகிற உடம்பு. அவளுக்காவது சரியாக இருக்குமா என்று ஜெனிபர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். நூற்று இருபத்து நாலு.

"ஒரே தெரு, ஒரே காத்து," என்று முணுமுணுத்தாள் ஜெனிபர்.

குப்பம்மாளுக்கு அது போதும். "நேத்து ஒரு வாட அடிச்சிது. நான் அப்பவே சொன்னேன்."

கம்பெனிகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் வாடை அடிக்காத நாள் எது? ஆனால் அடிக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஏதோ கம்பெனியில் கேஸ் கசிந்துவிட்டது என்ற பேச்சு அரை மணி நேரத்தில் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வாசலில் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு வரிசை நின்றது. ஜெனிபர் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். நூற்று இருபத்தாறு, நூற்று முப்பது, நூற்று முப்பத்து மூன்று. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் வந்தவர்களைவிடக் கூடவே இருந்தது, ஒருவருக்கும் குறையவில்லை. தன் எண்ணைக் கேட்ட ஒருவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். குப்பம்மாள், "எனுக்கு நூத்தி இருவத்தி நாலுதான், உங்களல்லாம் விடத் தேவல," என்று ஆறுதல் தேடிக்கொண்டாள்.

ரெக்கார்டு நோட்டில் பத்துப் பேரும் முடிந்துவிட்டார்கள். கடைசி எண் நூற்று முப்பத்தெட்டு. தன் நாடியை மட்டும் அவள் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை.

மணி ஒன்பதைத் தாண்டியபோது தாவீது சட்டையை மாட்டிக்கொண்டார். ஜெனிபர் குறுக்கே நின்றாள். இந்த நாடியோடு போனால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. தப்பித் தவறித் தேறிவிட்டால் இந்த நெஞ்சோடு நாற்பதடி உயரத்தில் கிரேனில் ஏற வேண்டும். ஒரு வாரம் தவணை கேட்டுக் கடிதம் கொடுத்துவிடலாம் என்றாள். ஒன்பது வருடக் காத்திருப்பை ஒரு கடிதத்தில் கெடுக்கப் போகிறாயா என்று சாராள் அழுதாள்.

தாவீது பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டையே பார்த்தார். "எனுக்கு ஒண்ணும் தெர்ல ஜெனி. நீ படிக்கிற புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஷேர் ஆட்டோவில் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். நடந்தால் நாடி இன்னும் ஏறும் என்று அப்பாவை ஆட்டோவிலேயே உட்கார வைத்து, அம்மாவைக் காவல் வைத்துவிட்டு, ஜெனிபர் கடிதத்தோடு கேட்டுக்குத் தனியாகப் போனாள்.

வாட்ச்மேன் கோபாலுக்கு ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, வலக்கையை மடியில் வைத்தபடி, இடக்கையால் நோட்டில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"இத உள்ள குடுத்தா அடுத்த பேரக் கூப்புட்ருவாங்க. ஒரு வாரம்லாம் யாரும் காத்துக்கினு இருக்க மாட்டாங்கோ."

ஜெனிபருக்கு அழுகை வந்துவிட்டது. நைனாவுக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கு, குப்பம்மாளுக்கு, தெருவுக்கே இப்படித்தான் இருக்கிறது, காற்றில் என்னவோ கலந்துவிட்டது என்று நோட்டைத் திறந்து பத்து எண்களையும் காட்டினாள். கோபால் அந்த எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். படிக்கட்டுபோல ஒன்றுக்கொன்று ஏறியிருந்தன.

எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். ஜெனிபர் காற்றிலேயே கட்டைவிரலை வைத்துக் காட்டினாள். அவர் ஒரு நொடி அந்த விரலைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த வலக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனுக்கும் பாரு."

அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல், சட்டைக்கையின் ஓரத்தை லேசாகத் தள்ளிக் கட்டைவிரலை அழுத்தினாள். தொட்டதும் பகீரென்றது. கை சில்லென்று இருந்தது. நகத்தில் துளிச் சிவப்பு இல்லை. ஆனால் அடி மட்டும் முன் எப்போதும் இல்லாத வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. குளிர்ந்த தோலும் வேகமான நாடியும் சேர்ந்து வந்தால் ஆள் சரியப்போகிறார் என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் அந்த வரிக்கு அவளே அடிக்கோடு போட்டிருந்தாள். ஒரு நிமிடம் முடிந்தது. நூற்று நாற்பத்தாறு.

"அண்ணா, நீங்க மொதல்ல படுங்க. கால மேல தூக்கி வைங்க. நான் யாரையாவது கூப்புட்றேன்."

கோபால் படுக்கவில்லை. இடக்கையால் கடிதத்தை நாலாக மடித்து அவள் நோட்டுக்குள் செருகினார்.

"போயி உங்கப்பார இட்டுக்கினு வா. இன்னும் எட்டு நிமிசம் கீது."

"ஐயோ அண்ணா, உங்க கையில ரத்தமே ஓடல. சில்லுனு கீது. பல்ஸ் நூத்தி நாப்பத்தி ஆறு!"

"சில்லுனுதாம்மா இருக்கும். நெசக் கை ரோலிங் மில்லுல போயி ஆறு வருசம் ஆவுது, இது ரப்பரு. ரப்பருக்கு ஏது பல்சு? காலைலேருந்து நீ எண்ணிக்கினு கீறது உன்னோடத."