வியன்னாவில் அடித்த ஹார்ன்

ஐரோப்பாவில் ஆறு தலைநகரங்களைச் சுற்றிப் பார்த்தவர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. சுற்றினேன், உண்மைதான். பார்த்தேனா என்று கேட்டால், பாரிஸ், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா ஆகிய ஊர்களின் பார்க்கிங் வசதிகளைப் பற்றி இரண்டு மணி நேரம் தொடர்ந்து பேசுவேன். மற்றதெல்லாம் என் மனைவியிடமோ மகளிடமோ கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்டாலும் ஊரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், என்னைப் பற்றித்தான் சொல்வார்கள். அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அபுதாபி முசஃபாவில் ஒரு பஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கட்டட வேலை ஆட்களை கேம்ப்பிலிருந்து சைட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிற பஸ்கள். எந்த பஸ், எந்த கேம்ப், எத்தனை மணி என்று அட்டவணை போடுவது என் டியூட்டி. இருபத்திரண்டு வருடமாக டிரைவர்களுக்கு போன் போட்டு "யல்லா பாய், ஜல்தி" என்று விரட்டித்தான் குடும்பம் நடத்துகிறேன். ஒரு பஸ் பத்து நிமிடம் தாமதமானால் அறுபது பேர் வெயிலில் நிற்பார்கள். அதனால் கடிகாரம் என்றால் எனக்கு பயபக்தி. (பக்தி கம்மி. பயம்தான் அதிகம்.)

மகள் நிவேதா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கோயம்புத்தூருக்குக் கல்லூரி படிக்கப் போக இருந்தாள். அதற்கு முன்னால் மூன்று பேருமாக எங்கேயாவது போய்வர வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்குக் கிடைத்த லீவு ஒன்பது நாள். ஒன்பது நாளில் இரண்டு ஊர் பார்க்கலாம் என்று நிவேதா சொன்னாள். நாற்பது பஸ்ஸை ஓட்டுகிறவனிடம் இரண்டு ஊரா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாரிஸில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஆறு தலைநகரங்களைத் தொட்டுவிட்டு, வியன்னா விமான நிலையத்தில் காரை ஒப்படைத்து ஏறிவிடுவது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஆங்கிலத்தில் அட்டவணை போட்டேன். ஈஃபில் கோபுரம், 9.10 முதல் 9.45 வரை. 9.05க்கு 'இறங்கத் தயாராகுதல்' என்று தனி வரி. அதை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கட்டினேன். கம்பெனியில் இதற்குப் பாராட்டு கிடைக்கும். வீட்டில் கிடைக்கவில்லை.

என் மனைவி மலர்விழி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறாள். அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். வியன்னாவில் ஒரு சின்ன சதுக்கம், வெள்ளைக் குடைகள், வட்ட மேஜை, மேஜையில் வெள்ளித் தட்டில் ஒரு காபி, பக்கத்தில் குட்டிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். பல் வலியோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டு பதினோரு வருடமாக அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் அபுதாபியில் நாங்கள் டீ குடிக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே டீக்காக யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. அடிக்கிற வெயிலில் இறங்கவும் முடியாது. கஃபெட்டேரியா வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு ஹார்ன். உள்ளேயிருந்து ஆள் எட்டிப் பார்ப்பார். ஜன்னல் வழியாக விரலைக் காட்டினால், அத்தனை டீ காருக்கே வந்துவிடும். லீவு நாளில் நானும் மலரும் இப்படித்தான் குடிப்போம். (வீட்டில் டைனிங் டேபிள் இருக்கிறது. அதன் மேல் துவைத்த துணி இருக்கிறது.)

அட்டவணையைப் படித்துவிட்டு மலர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இருபது வருஷமா ரெண்டு பேரும் முன்கண்ணாடியப் பாத்துக்கிட்டே டீ குடிக்கிறோம். முன்னாடி நிக்கிற வண்டி நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம். வியன்னாவுல ஒரே ஒரு தடவ எதிரெதிர உக்காந்து, யாரும் அவசரப்படுத்தாம ஒரு காபி குடிக்கணும். வேற எதுவும் வேணாங்க எனக்கு."

உடனே ஏற்றுக்கொண்டேன். கடைசி நாள் கட்டத்தில் 'காபி, 2.00 முதல் 2.20 வரை' என்று சேர்த்தேன். இருபது நிமிஷமா என்றாள். பெரிய மனது பண்ணி முப்பதாக்கினேன்.

பயணம் எப்படி இருந்தது என்றால், டியூட்டி மாதிரி இருந்தது. இரண்டே இரண்டு பயணிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை கார் கிளம்பும்போதும் தலை எண்ணினேன். பாரிஸில் ஒரு தெருமுனைக் கடையில், வெளியே போட்டிருந்த நாற்காலியின் முதுகில் மலர் கை வைத்தாள். "வியன்னாவுல உக்காந்துக்கலாம்மா" என்றேன். பிரசல்ஸில் மழை தூறியபோது ஒரு கடையின் கூரைக்கடியில் ஒதுங்கினோம், உள்ளே வாசனை ஆளைத் தூக்கியது. வியன்னாவுல என்றேன். ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரம், பெர்லினில் ஒரு மரத்தடி, எல்லா இடத்திலும் வியன்னா. தேர்தல் வாக்குறுதி கூட இத்தனை தடவை சொல்லப்பட்டிருக்காது. பிராகுக்கு வந்தபோது அவள் நாற்காலிகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சரி, பழகிவிட்டாள் என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். நான் அந்த அளவுக்கு அறிவாளி.

வியன்னாவில் காலை முழுக்க அரண்மனை. ராணியின் படுக்கையறையை நான்கு நிமிடத்தில் கடந்தோம், அது என் சாதனை. இரண்டு மணிக்கு ஊரின் நடுப்பகுதிக்கு வந்தால் கார் நிறுத்த இடமே இல்லை. சுற்றிச் சுற்றி வந்து இரண்டே காலாகிவிட்டது. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. அப்போது முன்னால் ஒரு சரக்கு வேன் சந்து ஒன்றில் நுழைந்தது. வேன் போகிற இடத்தில் நாம் போகக்கூடாதா என்று நானும் பின்னாலேயே விட்டேன்.

சந்து போய் ஒரு சின்ன சதுக்கத்தில் முடிந்தது. வெள்ளைக் குடைகள். வட்ட மேஜைகள். கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வெள்ளித் தட்டை ஏந்திக்கொண்டு நடக்கிறார். மலர் என் தோளைத் தொட்டு, "இதே மாதிரிதாங்க" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அதை நான் கேட்டேன், கேட்டும் என் மூளை அங்கே இல்லை. பதினெட்டு நிமிட தாமதத்தில் இருந்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை, என் கை செய்தது. கடை வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன்.

சதுக்கமே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலை இறக்கி மூன்று விரலைக் காட்டினேன். யாரும் அசையவில்லை. முதல் ஹார்னுக்கு ஆள் வராவிட்டால் இரண்டாவது அடிப்பது எங்கள் ஊர் மரபு. அடித்தேன். ஒரு பெரியவர் கையிலிருந்த கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். கறுப்புக் கோட்டுக்காரர் மெதுவாக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"பாய், தீன் சாய். ஏக் மே சக்கர் கம்" என்றேன்.

(மூன்று டீ, ஒன்றில் சர்க்கரை கம்மி. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில், தமிழ் தெரியாதவர் யார் எதிரே வந்தாலும் என் வாய் இந்திக்குப் போய்விடும். அவர் ஆஸ்திரியாக்காரராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.) அவர் மிக அன்பாக ஆங்கிலத்தில், உங்களுக்கு உடம்பு சரியில்லையா, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார்.

பின் சீட்டில் நிவேதா சரிந்து சரிந்து சீட் பெல்ட்டுக்குக் கீழே போயிருந்தாள். "அப்பா, ப்ளீஸ், இது வாக்கிங் ஸ்ட்ரீட். கார் அலவுடே இல்ல" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. ரிவர்ஸ் எடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தால், நாங்கள் நுழைந்த வழியில் தரைக்குள்ளிருந்து ஓர் இரும்புத் தூண் எழுந்து நின்றுகொண்டிருந்தது. சரக்கு வண்டிகளுக்கு மட்டும் கீழே இறங்குகிற தூணாம். வேனுக்கு வழிவிட்ட அது, என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், அதில் ஒருவர் பெண். போலீஸ் என்றால் காகிதம் காட்ட வேண்டும் என்பது என் ரத்தத்தில் இருக்கிறது. மூன்று பாஸ்போர்ட், மூன்று பேருடைய அமீரக அடையாள அட்டை, டிரைவிங் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், எதற்கும் இருக்கட்டும் என்று என் கம்பெனி அட்டை, எல்லாவற்றையும் நீட்டினேன். பதற்றத்தில் கழுத்திலிருந்த அட்டவணையையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் போலீஸ் பாஸ்போர்ட்டைக் கூட அத்தனை கவனமாகப் பார்க்கவில்லை. அட்டவணையை முதல் நாளிலிருந்து வரி விடாமல் படித்தார். 'இறங்கத் தயாராகுதல்' என்றால் என்ன என்று நிவேதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கூட வந்தவரிடம் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது.

தூணை இறக்க ஆள் வர வேண்டும், காரை வேறு இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், ஸ்டேஷனில் அபராதம் கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர்களோடு பேச நிவேதா என்னுடன் இருந்தாக வேண்டியதாயிற்று. மலர் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நான் அங்க உக்காந்திருக்கேன். நீங்க முடிச்சிட்டு வாங்க" என்றாள். கோபமே இல்லை. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்து, நானும் நிவேதாவும் அந்தச் சதுக்கத்துக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பியபோது மணி நான்கு. ஓரத்து மேஜையில் மலர் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்து அவள் புடவையில் விழுந்திருந்தது. மேஜையில் இரண்டு வெள்ளித் தட்டு, இரண்டு காபி, இரண்டு குட்டி டம்ளர் தண்ணீர். எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஆறக்கூடாது என்று இரண்டு கப் மீதும் சாஸரைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தாள். இரண்டிலும் ஒரு வாய் கூடக் குறையவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து எதிர் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டாள். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், உட்கார வேண்டும். விமானம் இரவு பத்து மணிக்கு.

நான் நின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்து, "போலாமா?" என்றேன்.

"காபி ஆறியிருக்கும். வேற சொல்லட்டுமா?" என்றாள் மலர்.

"ஏர்போர்ட்ல குடிச்சுக்கலாம்மா."

"அப்பா, சும்மா உக்காருப்பா. ஃபைவ் மினிட்ஸ்" என்றாள் நிவேதா. நான் போலீஸ் திருப்பிக் கொடுத்த அட்டவணையைத் தட்டிக் காட்டினேன். சொல்லியாயிற்றே, காசும் கொடுத்தாயிற்றே, வீணாகக் கூடாதே என்று சாஸரை எடுத்துவிட்டு அந்தக் காபியை நின்ற நிலையில் ஒரே மடக்கில் குடித்தேன். பச்சைத் தண்ணீராக இருந்தது. மலர் தன் கப்பைத் தொடாமல், இழுத்துப் போட்ட நாற்காலியை இருந்த இடத்திலேயே ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டு நடந்தாள்.

ஐந்து மணிக்குள் விமான நிலையத்தில் இருந்தோம். எங்கள் கவுன்ட்டரே திறக்கவில்லை. வரிசையாகத் தரையோடு முடுக்கிவைத்த நாற்காலிகளில் மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். காகிதக் கப்பில் காபி வாங்கி வந்தேன். மலர் நன்றி சொல்லிக் குடித்தாள். எனக்கு என் மனைவி நன்றி சொல்வது புதிது. நான் என்ன செய்துவிட்டேன் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அப்போதே ஒரு டாக்ஸி பிடித்துத் திரும்பப் போயிருக்கலாம், நேரம் தாராளமாக இருந்தது. அதுவும் எனக்கு அபுதாபிக்கு வந்து மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது.

பிராயச்சித்தமாக அடுத்த லீவு நாளிலேயே ஒரு மாலுக்குள் இருக்கிற பெரிய காபிக் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் இருந்தோம். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதில் அந்த 'தான்' எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

கதை மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும், லீவுக்கு வந்திருக்கிற நிவேதா ஹார்ன் சத்தத்தை வாயாலேயே அடிப்பாள். மலர் மூன்று விரலைக் காட்டுவாள். "தீன் சாய்" என்று இருவரும் ஒன்றாகச் சொல்லும்போது வந்தவர்களுக்குப் புரை ஏறும். எங்கள் டிரைவர்கள் கூட, நான் கஃபெட்டேரியா வாசலில் வண்டியை நிறுத்தினால் "வியன்னா ஆ கயா, ஸாப்?" (வியன்னா வந்துவிட்டதா, சார்?) என்று கேட்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். பெண் போலீஸ் அட்டவணையைப் படிக்கிற இடத்தோடு கதை முடிந்துவிடும். அதற்கு மேல் அம்மாவும் மகளும் ஒரு நாளும் சொன்னதில்லை. பேசி வைத்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் விருந்தாளிகள் கிளம்பிய பிறகு மலர் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, நான் திரும்பி வந்ததை மட்டும் ஏன் எப்போதும் விட்டுவிடுகிறாய் என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதுல சிரிக்க என்னங்க இருக்கு?" என்றாள்.