மயில் மிஷினும் மரங்கொத்தியின் ஏழு நாளும்

ஒரு காட்டில், பெரிய காடு என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு முனையில் யானை தும்மினால் மறுமுனையில் முயல் 'நூறு ஆயுசு' என்று வாழ்த்தும், அவ்வளவுதான் காடு, அங்கே தங்கப்பழம் என்றொரு மரங்கொத்தி தன் மனைவி சந்தனமாரியோடு வாழ்ந்து வந்தது. தங்கப்பழம் நல்ல தொழில்காரன். ஆந்தைக்கும் மைனாவுக்கும் பொந்து போட்டுக் கொடுத்தது அதுதான். ஆனால் சொந்தமாக ஒரு பொந்து கிடையாது. இலுப்பை மரத்து வெடிப்பில்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டு தூங்கும். ஊருக்கு வீடு கட்டுகிற கொத்தனார் வாடகை வீட்டில் இருப்பதை நீங்கள் பார்த்ததில்லையா, அதுபோல.

சந்தனமாரிக்கு முட்டையிடும் நாள் நெருங்கியது. இன்னும் எட்டே நாள், அதற்குள் பொந்து வேண்டும், வெடிப்பில் முட்டை வைத்தால் உருண்டுவிடும் என்று அது சொல்லிவிட்டது. தங்கப்பழமும் தலையை ஆட்டியது. ஆட்டிவிட்டு அலகைத் தீட்டப் போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அது செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு அல்லவா போனது!

சந்தையில் குத்தாலிங்கம் என்ற நரி கடை விரித்திருந்தது. கடையில் ஒரே சாமான். ஒயர் இல்லாத டிரில் மிஷின். அதுவும் சும்மா டிரில் இல்லை, மயில் வடிவ டிரில். மயிலின் கழுத்தைப் பிடித்து அமுக்கினால் தோகை விரியும், ஏழு கலரில் பல்பு எரியும், "வாங்க, வாங்க, வணக்கம்" என்று மூன்று மொழியில் கூப்பிடும். மூக்கில் ஒரு கம்பி சுற்றும். அந்தக் கம்பியைப் பற்றி நரி ஒன்றும் சொல்லவில்லை, தங்கப்பழமும் கேட்கவில்லை. பல்பு எரியும்போது யாருக்குக் கம்பி கண்ணில் படும்?

அலகு இருக்கிறவனுக்கு எதற்கு மிஷின் என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டிய மட்டும் கேளுங்கள். ஆசை வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த ஒரு குடுக்கை புழு வத்தலை அப்படியே கொட்டிக் கொடுத்துவிட்டு மிஷினை வாங்கியது. பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம், வத்தல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும், பெட்டியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள் என்று நரி சொல்லி அனுப்பியது.

பெட்டி நல்ல பெட்டி. கெட்டியான மூடி, தூக்கக் கைப்பிடி, உள்ளே மெத்தென்று நுரை மெத்தை, அதில் மயிலுக்கென்று குழித்த பள்ளம். மேலே கண்ணாடிக் கவர். கவரைப் பிரிக்கலாமா என்று தங்கப்பழம் கேட்டபோது சந்தனமாரி பதறிப்போனது. புதுச் சாமான் கவரை யாராவது பிரிப்பார்களா, தூசி படாதா? இந்தக் காட்டில் கரடி வாங்கிய கட்டிலுக்கே மூணு வருசமாகக் கவர் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பதை எடுக்க மூடிக்குக் கீழே பக்கவாட்டில் மட்டும் ஒரு கீறல் கீறிக்கொண்டு, பெட்டியைக் கிளையில் மாட்டி வைத்தன.

"மிஷின் இருக்கட்டும். நாளைக்கு அலகாலேயே ஆரம்பிச்சிருங்க" என்றது சந்தனமாரி.

அது எப்படி முடியும்? புது மிஷின் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பூஜை போடாமல் தொடலாமா? ஆகவே இரண்டு நாள் தங்கப்பழம் சும்மா இருந்தது. சந்தனமாரி சும்மா இருக்கவில்லை. பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாகை மரத்தில் ஏறி, தானே கொத்த ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை மயிலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, காடே கூடி நிற்க, தங்கப்பழம் கழுத்தை அமுக்கியது. தோகை விரிந்தது. முயல் கைதட்டியது. "வாங்க, வாங்க, வணக்கம்" என்று மயில் கூப்பிட, உண்மையிலேயே கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நாலு காட்டுப்பன்றிகள் சாப்பாட்டுக்கு வந்து நின்றன. பத்து நிமிசம் ஒரே அமர்க்களம். அப்புறம் பேட்டரி தீர்ந்தது. மரத்தைப் பார்த்தால் ஓர் எறும்பு குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த எறும்பும் இடம் போதாதென்று திரும்பிப் போய்விட்டது.

சார்ஜ் போட வேண்டும். அந்தக் காட்டில் கரண்ட் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, காவல் கோபுரத்துச் சோலார் விளக்கடியில் ஒரு பிளக். அதற்கு டோக்கன் கொடுப்பது ஒரு மந்தி. டோக்கனுக்கு விண்ணப்பம் உண்டு. விண்ணப்பத்தில் பொருளின் பெயர், பொருளின் தகப்பனார் பெயர் என்று கேட்டிருந்தது. காலியாக விட்டால் வாங்கமாட்டார்கள். தங்கப்பழம் யோசித்துவிட்டு 'குத்தாலிங்கம், நரி' என்று எழுதியது. சனிக்கிழமை பூராவும் வரிசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சார்ஜ் ஏறியது. ஞாயிறு சாயங்காலம் மறுபடி பத்து நிமிசம் தோகை, வணக்கம், பன்றிகள். இந்தத் தடவை எறும்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கம் வாகை மரத்தில் பொந்து வளர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பார்த்தால் அருமையான பொந்து. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மழைத் தண்ணீர் உள்ளே ஓடாமல் இருக்க வாசலை வெளிப்பக்கம் சரித்து விடவேண்டும். அந்தச் சரிவை மரங்கொத்திகள் கடைசியாகத்தான் கொத்தும்.

இந்த இடத்தில் நீங்கள், சரிதான், உழைப்பே உயர்வு தரும், கதை முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்ப்பீர்கள். உட்காருங்கள். சந்தனமாரி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போய்விட்டு வந்தது. பொந்துக்குள்ளிருந்து பச்சையாக ஒரு தலை நீண்டது. சிங்காரம் என்ற கிளி. பொண்டாட்டியோடு குடியேறிவிட்டது. இது நான் கொத்தின பொந்தப்பா என்று சந்தனமாரி சொன்னதற்கு, வாசலில் பேர்ப்பலகை இல்லையே, நாங்கள் காலி இடம் என்றுதான் நினைத்தோம் என்றது கிளி. சிங்கத்திடம் போனால் மனு மூன்று பிரதி வேண்டும், விசாரணை மூன்று மாசம் கழித்து என்றார்கள். முட்டைக்கு மூன்று மாசம் தெரியுமா?

சந்தனமாரி அழவில்லை. இலுப்பை மரத்துக்குத் திரும்பி வந்து, புருசன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டது. தங்கப்பழம் கணக்குப் போட்டுப் பார்த்தது. பொந்தும் போச்சு, வத்தலும் போச்சு. மறுநாள் செவ்வாய், ஏழாவது நாள். மிஷினைத் திருப்பிக் கொடுத்து வத்தலையாவது மீட்போம், குஞ்சு பொரித்தால் தின்னக் கொடுக்க அதுவாவது மிஞ்சும் என்று விடிந்ததும் அவசரத்தில் மயிலை மட்டும் தூக்கிக்கொண்டு நரியிடம் ஓடியது.

குத்தாலிங்கம் மயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டி எங்கே என்றது.

"மரக்கிளையில மாட்டியிருக்கு. மிஷினைப் பிடி. விண்ணப்பத்துல இதுக்கு அப்பன்னு ஒன் பேரைத்தான் போட்டிருக்கேன், நீதான் பாத்துக்கணும்."

"அப்பனா இருந்தாலும் பெட்டி வேணும் அண்ணாச்சி. பெட்டி இல்லாம மிஷினை எடுக்கமாட்டோம். மிஷின் இல்லாம பெட்டி மட்டும்னா தாராளமா எடுத்துக்குவோம்."

 தங்கப்பழம் நரியையும் கூட்டிக்கொண்டே இலுப்பை மரத்துக்கு வந்தது. கிளையில் பெட்டி கைப்பிடியால் தொங்கிக்கொண்டிருந்தது. கவர் கீறலுக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கொண்டை தெரிந்தது. மயிலுக்கென்று குழித்த பள்ளத்தில் சந்தனமாரி அமர்ந்திருந்தது. அதற்கடியில் மூன்று முட்டை, ஒரு நாள் முந்தியே. நுரையில் வைத்ததால் ஒன்றுகூட உருளவில்லை.

நரி குடுக்கையை நீட்டியது. அத்தனை வத்தலும் அப்படியே இருக்கிறது, பெட்டியைக் காலி பண்ணிக் கொடு என்றது. தங்கப்பழம் குடுக்கையைப் பார்த்தது, பெண்டாட்டியைப் பார்த்தது. என்ன செய்யட்டும் என்று மெதுவாகக் கேட்டது.

"என்னைக் கேக்காதீங்க. எறங்குறதா வேண்டாமான்னு முட்டைகிட்ட கேளுங்க" என்றது சந்தனமாரி.

தங்கப்பழம் முட்டையிடம் கேட்கவில்லை. நரியிடம், போய்யா, உன் வத்தலை நீயே தின்னு என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு நாள் முட்டாள்தனத்தையும் சந்தனமாரி மன்னித்தது. பெண்களுக்கு மனசு அப்படி. ஆண்கள் இதைத் தங்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. பெட்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை, பிரிக்காத கவர் மேலேயே வழிந்து போனது. வாகை மரத்துப் பொந்துக்கோ வாசல் சரிவு இல்லை. தண்ணீர் நேரே உள்ளே ஓடி, சிங்காரமும் பொண்டாட்டியும் கழுத்தளவு நனைந்து, ஒண்ட ஓர் இடம் கொடு என்று இலுப்பை மரத்தடியில் வந்து நின்றன. கிளி பெட்டியின் மெத்தையை எட்டி எட்டிப் பார்த்தது. இது எங்கே கிடைக்கும் என்று கடைசியில் கேட்டது.

"நரிகிட்ட மிஷின் ஒண்ணு வாங்கு" என்றது தங்கப்பழம். "மிஷின் பிரமாதம்."

கிளி வாங்கியது. அதைப் பார்த்து மைனா வாங்கியது, ஆந்தை வாங்கியது, கரடி அளவு போதாமல் ஒன்பது வாங்கியது. அந்தக் காட்டில் இப்போது கிளைக்குக் கிளை பெட்டி தொங்குகிறது. மயில்களெல்லாம் ஓடைக்கரையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வைத்து இன்றுவரை எவரும் ஓர் ஓட்டை போட்டதில்லை. நரியின் விமர்சனப் பலகையில் மட்டும் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

நீதி: ஒரு மிஷினை வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதீர்கள். அதன் பெட்டிக்குள் உங்கள் வீட்டுக்காரி வசதியாக உட்கார முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியுமென்றால் வாங்குங்கள், கவரைப் பிரிக்காதீர்கள்.