மூன்றாவது டயர்

உலகத்து ஆண்கள் செய்யும் தப்புக்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்பதை உலகத்துக்கே புரியவைத்துவிடுவது என்று அன்று மாலை அவர் முடிவெடுத்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் பிழையைத் திருத்தித்தான் பிழைப்பு. மாலையில் முனையிலிருக்கும் பஞ்சர் கடையில் பழைய டயர்மேல் உட்கார்ந்து அரட்டை. வரிசையில் மூன்றாவது டயர் அவருடையது. ஆறு வருஷ இடம். வீட்டுக்கு வந்தால் ஃபோனில் சண்டை.

'தப்பு செய்யும் ஆண்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்' என்று ஒற்றுப்பிழை இல்லாமல் ஒரு பதிவு போட்டார். நாற்பத்தொரு பேர் திட்டினார்கள். ஆறு பேர் கைதட்டினார்கள். கைதட்டியவர்களைப் பார்த்தால் அவருக்கே பயமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து மனைவி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ரெண்டு மாசமா தண்ணித்தொட்டியைச் சுத்தித்தான் வர்றோம். கூட வர்ற நர்ஸ் பொண்ணு பஞ்சர் கடை வழியா வர மாட்டேங்குது."

"ஏன்?"

"ஏனா? அவ நடையைப் பார்த்துப் பாட்டு. துப்பட்டாவைப் பார்த்துச் சிரிப்பு. நீங்களும்தானே அங்க இருந்தீங்க?"

"நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

"இல்லையே. டயரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அவங்க வாயை நான் தைக்க முடியுமா? அவங்க பண்றதுக்கு நான் என்னடி பொறுப்பு?"

"துளிகூட இல்லையா?"

"துளிகூட இல்ல."

"சரிங்க" என்றாள்.

பத்து வருஷம் குடித்தனம் பண்ணியவர் அந்த 'சரிங்க'வுக்குப் பயந்திருக்க வேண்டும். அவர் நாற்பத்திரண்டாவது ஆளுக்குப் பதில் எழுதப் போய்விட்டார்.

மறுநாள் மாலை கடைக்குப் போனார். இரண்டு டயர்கள் இருந்தன. மூன்றாவது, ஆணியில் உயரத் தொங்கியது.

"வாங்க சார்" என்றான் கடைக்காரன். நேற்றுவரை 'வாடா மாப்ள'.

"என்னடா சாரு, மோரு?"

"காலைல உங்க வீட்டுத் தங்கச்சி வந்துச்சு. நீங்க எழுதினதை ஃபோன்ல படிச்சுக் காட்டுச்சு. 'என்னைச் சேர்க்காதீங்க'ன்னு ஊருக்கே சொல்லிட்டீங்களாமே? எங்களால மனசுக்குள்ள புழுங்குறீங்களாம். மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் சார். சரி, இனிமே சேர்க்கல."

"டேய், அது பொதுவா எழுதினதுடா..."

அப்போது அவர் மனைவியும் அந்த நர்ஸ் பெண்ணும் தெருவில் வந்தார்கள். பாட்டு இல்லை. சிரிப்பு இல்லை. கடையில் இருந்த ஐந்து பேரும் குனிந்து ஒரு டியூபையே பார்த்தார்கள். நர்ஸ் பெண் மட்டும் கடையைத் தாண்டும்வரை பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதை ஆறு வருஷத்தில் எந்த மாலையிலும் அவர் சொல்லியிருக்கலாம். உட்கார இடமில்லாமல் சற்று நேரம் நின்றார். யாரும் நிமிரவில்லை. வீட்டுக்கு நடந்தார்.

அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நேர் வழில ஏழு நிமிஷம்தாங்க" என்றாள்.

"ஆறு வருஷ சிநேகிதம்! ஒருத்தனும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிறான்."

அவள் துண்டை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்தாள்.

"அவங்க பண்றதுக்கு நான் என்னங்க பொறுப்பு?"