பின்னோக்கி ஓடும் உதிரிபாகம்

நெடுங்கோட்டை நாட்டில் பின்வாங்குவது குற்றம். அந்தச் சட்டம் எந்த மன்னர் காலத்தில் வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதில் பெருமை உண்டு. முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட வண்டி, எதிரில் இருக்கும் சுவரை இடித்துக்கொண்டு முன்னே போகலாம். வீட்டுக்காரருக்கு அரசு ஒரு பாராட்டுச் சீட்டு கொடுக்கும். வீடில்லாத பலரிடம் அந்தச் சீட்டு இருந்தது.

பொட்டல்வெளிக்கு அப்பால் இருந்த நாட்டோடு ஒன்பது ஆண்டுகளாகப் போர். அடுத்த ஆண்டு தேர்தல். பொதுக்கூட்டத்துக்கு வந்த விதவைகள் நாட்டின் தலைவரிடம் எதுவும் கேட்கவில்லை, கைதட்டவும் இல்லை. தலைவர் அதைக் கவனித்தார்.

"இனி இந்த நாட்டில் ஒரு வீரர்கூடச் சாகமாட்டார்" என்றார்.

ஆறு மாதத்தில் இரும்பு ஆமை வந்தது. முழங்கால் உயரம். இருபுறமும் சங்கிலிப் பட்டை. வயிற்றில் அறுபது கிலோ வெடிமருந்து. வாலில் நீண்ட செப்புக் கம்பி. பதுங்கு குழியில் இருப்பவர் கம்பியின் மறுமுனையில் உள்ள விசைகளை அழுத்தினால், ஆமை முன்னே போகும், இடமும் வலமும் திரும்பும், எதிரியின் அரணுக்கு அடியில் போய் வெடிக்கும். பின்னே போகவும் ஒரு விசை இருந்தது. சட்டத்துறை அதைப் பிடுங்கிவிட்டது.

முதல் ஆமை எதிரியின் காவல் கோபுரத்தைத் தகர்த்தது. நாடு மூன்று நாள் கொண்டாடியது.

போருக்குப் போகிறவருக்கு மாலை போட்டு, பெயரை மூன்று முறை உரக்கக் கூவுவது அந்நாட்டு வழக்கம். பெயர் கூவப்பட்டவர் வீரர். ஆமைகளுக்கும் மாலை போட்டார்கள், பெயர் வைத்தார்கள், கூவினார்கள். ஆகவே ஆமைகளும் வீரர்களாயின. குடிமக்கள் பதிவேட்டில் அவற்றின் பெயர்கள் ஏறின. வெடித்த பிறகும் அந்தப் பெயர்களை நீக்கவில்லை. வீரர் சாகமாட்டார் என்று தலைவரே சொல்லியிருக்கிறார்.

கம்பிக்குச் செம்பு போதவில்லை. வீட்டுக் குடங்கள் போயின. பிறகு கிணற்று மோட்டார்களின் கம்பிகள் போயின. பெண்கள் கையால் நீர் இறைத்தார்கள். அதைப் பற்றிப் பெருமைத்துறை ஒரு பாட்டு வெளியிட்டது.

எதிரிகள் ஆமையைச் சுடுவதை விட்டுவிட்டார்கள். கோடாரியால் கம்பியை வெட்டினார்கள். ஆமை நின்ற இடத்திலேயே நின்றது. அதன்மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

அடுத்த ஆணை வந்தது. கம்பி நெடுகப் பத்தடிக்கு ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும்.

செந்திரு ஆமைப் பட்டறையில் சங்கிலிப் பட்டை முடுக்குகிறவள். அவள் கணவர் பொறையனைக் கம்பிக் காவலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது வாரம் கடிதம் வந்தது.

'எனக்கு இடப்பக்கம் நின்றவர் இல்லை. வலப்பக்கம் நின்றவரும் இல்லை. கம்பி நன்றாக இருக்கிறது.'

அவள் கம்பிப் பிரிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது.

"ஐயா, எங்க வீட்டுக்காரர ஒருதரம் லீவுல அனுப்புங்க."

"லீவு வீரர்களுக்கு மட்டும்தாம்மா" என்றார் அதிகாரி.

"அவரு வீரர் இல்லையா?"

"எப்படி இருக்க முடியும்? வீரர் சாகமாட்டார். இவங்க சாகுறாங்களே."

"அப்ப கூலியாளா?"

"கூலியாளப் போர்முனைக்கு அனுப்பச் சட்டத்துல இடமில்ல." அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். "ஆமையோட சேர்ந்து போறதால, உதிரிபாகம். முகத்தை ஏன் அப்படி வச்சுக்கிறீங்க? முதல் தரப் பாகம்மா. நீங்க பெருமைப்படணும்."

பின்னால் நின்ற பெண் சொன்னாள்: "எங்க வீட்டுல இருந்தப்பவும் அது ஒண்ணுக்கும் உதவாத பாகந்தான் ஐயா. பரவால்ல, குடுத்துடுங்க."

வரிசை சிரித்தது. செந்திரு சிரிக்கவில்லை.

"பழுதான பாகத்த என்ன செய்வீங்க, ஐயா?"

"பட்டறைக்குத் திருப்பி..." அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "பட்டறையை நோக்கி முன்னேறச் செய்வோம்."

செந்திரு வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். பட்டறையில் பழுதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். கடிதத்தில் இருந்த பொறையனின் காவல் எண்ணை எழுதினாள். பாகம் எண் 417. பழுது: முழங்கால். பட்டறைக்கு அனுப்பவும்.

பத்து நாளில் பொறையன் வந்தார். லாரியில், துருப்பிடித்த சங்கிலிகளுக்கு நடுவே, கழுத்தில் அட்டையோடு. செந்திரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அவர் பட்டறை மூலையில் போய் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வாளர் வந்தார். சின்னச் சுத்தியலால் பொறையனின் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளியது.

"நல்லாத்தானே வேலை செய்யுது? நாளைக்கு லாரியில ஏத்திடு."

செந்திருவின் கையில் ஆமையின் இரும்பு மூடி இருந்தது.

"முழங்கால் இல்லீங்க ஐயா. சீட்டுல தப்பா எழுதிட்டேன். பழுது வேற."

"என்ன பழுது?"

"பின்னால போகுது."

ஆய்வாளர் அதிர்ச்சியில் ஓரடி பின்னே வைத்தார். உடனே சுதாரித்து இரண்டடி முன்னே வந்தார்.

"என்னம்மா சொல்ற?"

"சத்தம் கேட்டாப் போதும், பின்னால போகுது. நானும் முடுக்கிப் பாத்துட்டேன், எண்ணெய் விட்டுப் பாத்துட்டேன்."

மூடியைக் கீழே போட்டாள். பொறையன் எழுந்து, மூன்றடி பின்னே போய், சுவரில் ஒட்டிக்கொண்டு நடுங்கினார். அவர் நடிக்கவில்லை. செந்திருவுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

ஆய்வாளர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. பின்னோக்கிப் போகும் பாகம் ஒன்று தன் முத்திரையோடு போர்முனைக்குப் போனால், அது யாருடைய குற்றம் என்று அவருக்குத் தெரியும். குனிந்து எழுதினார்.

'பின்னோக்கி இயங்குகிறது. போர்முனைக்கு ஆகாது. பட்டறையிலேயே வைக்கவும்.'

"இத வெளிய சொல்லாத" என்றார்.

செந்திரு அலுவலக வரிசையில் நின்ற பெண்களிடம் மட்டும் சொன்னாள். கூடவே ஒரு கட்டுப் பழுதுச் சீட்டும் கொடுத்தாள்.

அந்த மாதம் ஆயிரத்து எண்ணூறு பாகங்கள் ஒரே பழுதோடு பட்டறைகளை நோக்கி முன்னேறின. பெருமைத்துறை அமைச்சர் அவசரக் கூட்டம் போட்டார்.

"இவர்கள் மனிதர்கள், கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன?" என்று கேட்டார் ஓர் இளநிலைச் செயலர்.

"அப்படியானால் செத்த ஆயிரத்து நூறு பேர்?" என்றார் அமைச்சர்.

பழுது ஏற்கப்பட்டது. இளநிலைச் செயலர் பதவி உயர்வு பெற்றுத் தொலைதூர மாவட்டம் ஒன்றுக்கு முன்னேறினார்.

காவல் இல்லாமல் ஆமைகள் போயின. கம்பிகள் அறுந்தன. பொட்டல்வெளி முழுக்க வெடிக்காத ஆமைகள் நின்றன. அவற்றைத் தாண்டி எந்தப் பக்கமிருந்தும் யாரும் வர முடியவில்லை. வேறு வழியில்லாமல் போர் நின்றது. நாடு வெற்றி பெற்றதாகவும், ஒரு வீரர்கூடச் சாகவில்லை என்றும் அறிவித்தார்கள்.

பிறகு தேர்தல் நடந்தது. பொறையனும் மற்றவர்களும் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். உதிரிபாகங்களுக்கு வாக்கு இல்லை என்றார்கள். திரும்பி நடந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. பழுது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் இரண்டாயிரத்து அறுநூறு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதிவேட்டில் இருந்த ஆமைகளும் இரண்டாயிரத்து அறுநூறுதான்.

அன்று மாலை பெருமைத்துறை அமைச்சர் வானொலியில் பேசினார்.

"உடல் சிதறிய பிறகும் நம் வீரர்கள் வரிசையில் நின்று வாக்களித்திருக்கிறார்கள். கைகால் நன்றாக இருந்தும் வாக்களிக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் வெட்கப்பட வேண்டும்."

செந்திருவின் வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறைத்து வைத்த நீரில் கைகழுவிவிட்டுப் பாகம் எண் 417 சாப்பிட உட்கார்ந்திருந்தது. வந்ததிலிருந்து அது அதிகம் பேசியதில்லை.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்றது.

செந்திரு பானையோடு கொண்டுவந்து வைத்தாள். அந்நாட்டில் அன்றைக்கு அவளைவிடப் பெருமைப்பட்டவர் யாருமில்லை.