டென்னிஸ் பார்க்க வழி பார்ப்பவர்

டென்னிஸ் ஆடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். டென்னிஸ் பார்க்கிறவர்களையும் தெரியும். சோபாவில் சாய்ந்துகொண்டு, பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு, நடுவில் யாராவது வாயைத் திறந்தால் முறைக்கிறவர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் ஆடவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். பார்ப்பதற்கு வழி பார்ப்பார்கள். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ மேல்மாடியிலோ இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லவே இல்லை என்று நீங்கள் சாதித்தால், அந்த விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நான் காட்டப்போகிற ஆசாமி லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தொழிலில் புலி. எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவு இடுக்கு வழியாகவே பேச்சுக் கொடுத்து, "பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம், இப்ப வந்துரும்" என்று சொல்லிச் சொல்லியே பத்திரமாக இறக்கிவிடுவார். அதே வாக்கியத்தை வீட்டில் டிவி முன்னால் நின்றுகொண்டும் சொல்லுவார். லிஃப்ட் மட்டும்தான் வரும்.

அவருடைய மைத்துனன் அவருக்கு 'ஒளிபரப்பு மந்திரி' என்று பட்டம் சூட்டி ஆறு வருடமாகிறது. இலாகா மாறவே இல்லை. உலகத்தின் எந்த மூலையில் எந்தப் போட்டி தொடங்கினாலும், யார் ஆடுகிறார்கள் என்பது மந்திரிக்கு இரண்டாம் பட்சம். எந்தச் சேனல், எந்த ஆப், அதில் எந்த மைதானத்தின் ஆட்டம் மட்டும் வரும், மற்ற மைதானங்களுக்கு வேறு எந்த ஆப், போன வருடம் காட்டியவர்கள் இந்த வருடம் உரிமையை யாரிடம் பறிகொடுத்தார்கள், இதெல்லாம் கேட்டால் கொட்டுவார். சந்தா கட்டி, பொத்தானை அமுக்கி, நேராக ஆட்டம் பார்க்கிறவர்கள் மீது அவருக்கு ஒரு பரிதாபம் உண்டு. "அதுக்கு ஒரு வழி இருக்குங்க" என்பார். ஒரே வழியில் போகிறவனைக் கண்டால் குறுக்குச் சந்து தெரிந்தவனுக்கு வருமே, அந்தப் பரிதாபம்.

வழி என்றால் எப்படிப்பட்ட வழி? ஒன்று, மைத்துனனின் அலுவலக நண்பனின் சித்தி வைத்திருக்கும் பாஸ்வேர்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் பார்க்கலாம் என்று அந்த ஆப் கறாராகச் சொல்லிவிட, முன்பின் தெரியாத அந்த அம்மாளுக்கே மந்திரி போன் போட்டு, "அம்மா, நீங்க ஒரு அரை மணி நேரம் வெளிய வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். பாவம், அந்த அம்மாள் வாசலுக்கே வந்து நின்றாராம். இன்னொன்று, இலவச லிங்க். அதைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் ஒன்று முகத்தில் அடிக்கும். அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அமுக்கினால் மூன்று விளம்பரங்கள் வரும். மூன்றையும் மூடினால் லிங்க்கும் சேர்ந்து மூடிக்கொள்ளும். மூன்றாவது வழி, ஏதோ ஒரு தூர தேசத்துச் சேனல். அந்த நாட்டு மொழியில் மந்திரிக்குத் தெரிந்தவை மூன்றே சொற்கள், டென்னிஸில் பாயிண்ட் எண்ணுகிறவை: பதினைந்து, முப்பது, நாற்பது. அந்த ஊருக்கு இவரைக் கொண்டுபோய் விட்டால் காய்கறிகூட இந்த மூன்று அளவுகளில்தான் வாங்க முடியும்.

சரி, ஒருவழியாகப் படம் வந்துவிட்டது. பளிங்கு போலத் தெளிவாக வந்துவிட்டது என்றே வையுங்கள். உட்கார்ந்து பார்ப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? டிவித் திரையை போனில் படம் பிடிப்பார். அதை மைத்துனனுக்கு அனுப்பி, "குவாலிட்டி பாத்தியா?" என்பார். பிறகு, இதைவிட நல்ல படம் வேறெங்காவது வருமோ என்று தேடக் கிளம்பிவிடுவார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் உண்டு. நெய்யே கையில் இருக்க, வேறு கடை நெய்க்கு அலைகிறவர் இவர். ஆறு வருடத்தில் ஓர் ஆட்டத்தின் கடைசிப் பாயிண்டை அவர் பார்த்ததாகச் சாட்சி கிடையாது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் மறுநாள் பேப்பரில்தான் பார்ப்பார்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மந்திரிக்கு ஒரு மகள். பதினாலு வயது. அவள் டென்னிஸ் ஆடுகிறாள்.

தெருக்கோடியில் இருக்கிற கிளப்பில்தான் ஆடுகிறாள். வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் அந்த மைதானத்தின் விளக்குக் கம்பம் தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பந்து மட்டையில் படுகிற சத்தம்கூடக் கேட்கும். நாலு வருடமாகப் பள்ளிக்குப் போகுமுன் ஓர் ஓட்டம், வந்த பிறகு ஒரு பயிற்சி என்று உழைத்து, முதல் தடவையாக ஒரு போட்டியில் அரையிறுதிக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, சனிக்கிழமை பத்து மணிக்கு. நீங்க வாங்க."

"வராம?"

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"போன தடவை ஏழாம் மாடியில ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரும்மா. இந்தத் தடவை லீவு போட்டாச்சு."

உண்மையாகவே லீவு போட்டிருந்தார். மனிதர் கெட்டவரில்லை, மகள் என்றால் உயிர். அவள் பந்தை எறிந்து சர்வ் போடுகிற அழகை லிஃப்ட் மெக்கானிக்குகள் கூட்டத்தில் நடித்துக் காட்டுகிறவர். சனிக்கிழமை போயிருப்பார், சத்தியமாகப் போயிருப்பார். விதி, கிளப் செயலாளர் உருவத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை செயலாளர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார்: இந்த முறை அரையிறுதி ஆட்டங்கள் கேமரா வைத்து நேரலையில் காட்டப்படும். லிங்க் இத்துடன்.

மந்திரியின் கண்ணில் வந்த வெளிச்சத்தை மனைவி பார்த்துவிட்டாள். பதினாறு வருட அனுபவம்.

"நாளைக்கு நேர்ல போறோம்ங்க" என்றாள்.

"நேர்லதான். சும்மா டிவியில கனெக்ட் மட்டும் பண்ணி வச்சிடறேன். வெளிநாட்டுல எங்க அக்கா பாக்கணும்ல."

"அவங்க அவங்க வீட்டுல பாப்பாங்க. நம்ம வீட்டு டிவி எதுக்கு?"

மந்திரி கேபிள் தேடப் போய்விட்டார். வழி பார்ப்பவர்களிடம் 'எதுக்கு' என்கிற கேள்விக்கு எப்போதுமே பதில் இருக்காது. 'எப்படி' என்று கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்கள்.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மகள் பையைத் தோளில் மாட்டினாள். மனைவி தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக்கொண்டாள். மந்திரி டிவிக்குப் பின்னால் இருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "நீங்க முன்னாடி போங்க. ரெண்டே நிமிஷம்" என்று குரல் வந்தது. மகள் அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு போனாள்.

மைத்துனன் வந்தபோது பத்தரை. டிவியில் படம் வந்திருந்தது, ஆனால் சின்னதாக, ஓரத்தில், பக்கவாட்டில் படுத்துக்கொண்டு. மந்திரி ஒரு கேபிளைக் கழற்றி இன்னொரு கேபிளைச் செருகி, ஒரு ரிமோட்டை வைத்துவிட்டு இன்னொரு ரிமோட்டை எடுத்து, போனைத் திருப்பி, டிவியைத் திருப்ப முடியாததால் தன் தலையைத் திருப்பி, ஏதோ ஒன்றை அமுக்க, படம் நிமிர்ந்து திரை முழுதும் பரவியது.

"பாத்தியா மாப்ள" என்றார்.

"அத்தான், நடந்து போனா நாலு நிமிஷம்."

"அங்க போனா ரீப்ளே கிடைக்குமா? ஒரு பக்கம்தான் தெரியும், கழுத்து வலிக்கும், வெயில் வேற. இங்க பாரு, துல்லியமா வருது."

அந்த நேரம் ஜன்னல் வழியாகக் கைதட்டல் கேட்டது. டிவியில் மகள் அப்போதுதான் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். மந்திரி குழம்பினார். முக்கால் நிமிடம் கழித்து மகள் டிவியிலும் அடித்தாள், பந்து கோட்டில் விழுந்தது, டிவியிலும் கைதட்டினார்கள். அதாவது ஜன்னல் முந்திக்கொள்கிறது. நேரலை என்பது நிஜத்துக்கு முக்கால் நிமிடம் பின்னால் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் எழுந்து செருப்பை மாட்டியிருப்பார்கள். நம்மவர் மறுபடி ஜன்னலில் ஆரவாரம் கேட்டதும் எரிச்சலோடு திரும்பினார்.

"அந்த ஜன்னலைச் சாத்து மாப்ள. முன்னாடியே ரிசல்ட்டைச் சொல்லித் தொலைக்குது."

மைத்துனன் அத்தானைப் பார்த்தான். ஜன்னலைச் சாத்தினான். பிறகு கதவைத் திறந்து, தன் செருப்பை மாட்டிக்கொண்டு, காதும் காதும் வைத்த மாதிரி கிளம்பிப் போனான். மந்திரி கவனிக்கவில்லை. அவர் இன்னும் நல்ல படம் வருமா என்று டிவியின் செட்டிங்ஸுக்குள் போயிருந்தார்.

வந்தது. பார்வையாளர் வரிசைகூடத் தெரிகிற அளவுக்கு வந்தது. ஆளுக்கு ஒரு செட் ஆகி, மூன்றாவது செட் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் மகள் வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவதை அவர் கண்டார். எதைப் பார்க்கிறாள்? மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டு போட்டிருந்தது. இந்தக் கூட்டத்தில் இடம் பிடித்து வைத்துவிட்டு எவனோ வராமல் இருக்கிறானே, என்ன மனுஷன் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. துண்டு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். நீலக் கோடு போட்ட துண்டு. அவருடைய துண்டு.

எழுந்தார். வாசல்வரை போனார். ஒரு காலில் செருப்பும் மாட்டிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து, மகள் சர்வ் போடக் கையை உயர்த்தியபடியே திரையில் நின்றுவிட்டாள். அவள் முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நின்றுபோன எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது; தொழில் அப்படி. ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டார்.

படம் மறுபடி வந்தபோது மைதானத்தில் ஒருவர் வலையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். மிகத் தெளிவாகத் தெரிந்தது.

மகள் ஜெயித்துவிட்டு வந்தாள். மைத்துனன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மந்திரி ஓடிப்போய் அணைத்துக்கொண்டார். "பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன். கடைசியில மட்டும் கொஞ்சம் கட்டாயிடுச்சு" என்றார். மகள் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை ஃபைனல்ப்பா. வேற கிரவுண்டு. அங்க கேமரா எல்லாம் கிடையாதாம்."

மந்திரியின் முகம் விழுந்தது. மனப்பூர்வமான கவலையோடு கேட்டார்.

"கேமரா இல்லையா? அப்ப எப்படிம்மா பாக்குறது?"

மகள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"பஸ் இருக்குப்பா. பதினேழாம் நம்பர்."

அடுத்த சனிக்கிழமை மந்திரி பதினேழாம் நம்பர் பஸ்ஸில் போனார். முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பட்டால் புத்தி வரும் என்பார்கள், வந்துவிட்டது என்றுதான் மனைவியும் நம்பினாள், அவர் பைக்குள்ளிருந்து மூன்று கால் ஸ்டாண்டை வெளியே எடுக்கும்வரை. கேமரா இல்லாத இடத்தில் கேமரா வைப்பதற்கும் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. போனை மாட்டி, உறவுக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பி, இரண்டரை மணி நேரம் அந்த உள்ளங்கை அளவுத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "படம் வருதா? சத்தம் வருதா?" என்று கேட்டபடி இருந்தார். கடைசிப் பாயிண்ட் முடிந்ததும் மகள் வரிசைப் பக்கம் திரும்பினாள். நாற்காலி இந்தத் தடவை காலியாக இல்லை. ஆனால் அதில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு போன் இருந்தது. கொஞ்சம் நின்றாள். பிறகு அந்தப் போனைப் பார்த்தே சிரித்துக் கையாட்டினாள். எல்லாக் குழந்தைகளும் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள்.

யார் ஜெயித்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? நானும் மந்திரியைக் கேட்டேன். "பதினோரு பேர் பாத்தாங்க, ஒரு தடவைகூட வட்டம் சுத்தல" என்றார்.

நீங்கள் டென்னிஸ் பக்கமே போகாதவர், எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளை போன மாதம் மேடையேறிப் பாடியபோது நீங்கள் எதன் வழியாகப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த வீடியோவை அதற்குப் பிறகு ஒரு தடவையாவது போட்டீர்களா என்றும் கேட்கப்போவதில்லை. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து போய், உங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ரெண்டே நிமிஷம் என்கிறீர்களா? சரி, சரி.