ஏற்றுமதிக் கப்பலும் நான் அடித்த மணியும்

ஹாலட்ஸ்வில்லில் இருக்கும் ரோசலி அக்காவுக்கு, இங்கிள்சைடு துறைமுகத்திலிருந்து தம்பி ஆல்வின் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி பெர்னடினும் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் பசுக்களும் எப்படி என்று எழுதவும். மற்றபடி, நான் வேலையை விட்டுவிட்டேன். காரணம் ஊர்வாயில் வந்து சேர்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் வெளிநாட்டுக் கச்சா எண்ணெயைக் கப்பலிலிருந்து இறக்கியவன் நான். இப்போது நம் டெக்சஸிலேயே எண்ணெய் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, நம் நாடு வாங்குவதைவிட விற்பது அதிகமாகிவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள், நான் நம்பவில்லை. பித்தப்பை ஆபரேஷனுக்காக மூன்று மாதம் படுத்துவிட்டு வந்தால், இறக்குகிற குழாயையே ஏற்றுகிற பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். முதல் ஏற்றுமதிக் கப்பலுக்கு விழா, மேயரம்மா, பாண்டு வாத்தியம், பெர்னடின் சுட்ட இருநூறு கொலாச்சி ரொட்டி. மூத்தவன் என்று எனக்குக் கோட்டு மாட்டி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேயரம்மா பேசப் பேச நான் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. என் ஆயுசில், எண்ணெயை இறக்க இறக்கக் கப்பல் மேலே வரத்தான் பார்த்திருக்கிறேன். கீழே போகிற கப்பலுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஓடிப்போய் அபாய மணியை அடித்துவிட்டேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா. பாண்டுக்காரர்கள் வேலி தாண்டினார்கள். மேயரம்மா மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். கிரேக்கக் கேப்டன் லெஃப்டெரிஸ் ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"யாருய்யா மணி அடிச்சது?"

"நான்தான். கப்பல் முழுகுது, ஆளுங்கள எறக்குங்க."

"முழுகல பெரியவரே, ரொம்புது. நீங்கதானே ரொப்பிக்கிட்டு இருக்கீங்க."

ஊரே சிரித்தது. பெர்னடின் மட்டும், "முப்பத்தோரு வருஷம் எறக்கின மனுஷன். ஒரே நாள்ல மாறுன்னா எப்படி மாறுவாரு?" என்று மேயரம்மாவிடமே சண்டைக்குப் போய்விட்டாள். கேப்டன் என்னைக் கப்பலுக்குக் கூட்டிப்போய்க் கெட்டியாகக் காப்பி கொடுத்தார். "போன வருஷம் வரைக்கும் நானும் இங்க கொண்டாந்து கொட்டுனவன்தான். காலிக் கப்பலோட வர எனக்கும் கூச்சமா இருந்துச்சு, கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட வர்ற மாதிரி" என்றார். மறுநாள் கப்பல் நிறைமாதக்காரி போல அசைந்து கிளம்பியபோது எனக்கும் பெருமைதான். ஆனாலும் ரொம்புவதற்கும் முழுகுவதற்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குத் துறைமுகத்தில் என்ன வேலை? அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை நாங்களும் இரண்டு நாய்களும் உன் வீட்டுப் பின்னறைக்கு நிரந்தரமாக வருகிறோம்.

கோயிலில் எங்களுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. அத்தானுக்கு என் மரியாதையைச் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தம்பி ஆல்வின் கிரெனெக்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மேனேஜர் வாசலில் வந்து நின்றார். நம் எண்ணெய் நீர்த்த எண்ணெயாம், பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கெட்டி எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளுமாம். அதனால் விற்பதும் விற்போம், வாங்குவதும் வாங்குவோமாம். செவ்வாயன்று சரக்கோடு ஒரு கப்பல் வருகிறது. "ஏத்த ஆளு நெறைய இருக்கு, எறக்கத்தான் ஒருத்தருக்கும் தெரியல" என்று தலையைச் சொறிந்தார். பின்னறையை ஒழிக்க வேண்டாம்.