மோப்பம் சாரும் பதினேழாம் படமும்

நீலகிரி மலையில் யானைக்கு அடுத்தபடியாகக் கூர்மையான மூக்கு எங்கள் நூலகருக்குத்தான். யானைகள் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அவை எங்கள் நூலகத்தில் புத்தகம் எடுத்ததில்லை. நான் எடுத்திருக்கிறேன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையம். அதன் நோய்ப் பிரிவில் நான் தற்காலிக உதவியாளன். தேயிலைக்கு வரும் நோய்களைக் கவனிப்பது என் வேலை. எனக்கு இருந்த நோயைக் கவனிக்க அங்கே பிரிவு எதுவும் இல்லை. அந்த நோயின் பெயர் பயம். நூலகருக்கு ஒரு முழுப்பெயர் உண்டு என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். மற்றபடி எல்லோருக்கும் அவர் மோப்பம் சார்.

மலையில் மழைக்காலம் வந்தால் மனிதனுக்கு இருமல், புத்தகத்துக்குப் பூஞ்சணம். அவர் தினமும் காலையில் அலமாரி அலமாரியாக மோந்துகொண்டே போவார். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு நாலு நாள் முன்பே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதுவரை சரி. அதே மூக்கைத் திரும்பி வரும் புத்தகங்கள் மேலும் வைப்பார். அங்கேதான் வம்பு.

மண் பிரிவு விஞ்ஞானி ஒருவர், ஊரறிந்த சுத்த சைவம், புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மோப்பம் சார் பிரித்தார், மோந்தார்.

"ஏனுங் டாக்டர், புக்கு சமையக்கட்டுல இருந்துச்சுங்ளா?"

"இல்லையே."

"கருவாட்டுக் கொழம்பு வாசம் வருதுங்க. புதங்கெழம வெச்ச கொழம்பாட்ட இருக்குது."

விஞ்ஞானி அதன்பின் இரண்டு மாதம் நூலக வாசலைத் தவிர்த்து, தேயிலைத் தோட்டம் வழியாக ஆய்வகத்துக்குப் போனார். அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று சொன்னாராம்.

நான் முதல்நாள் உள்ளே காலை வைத்தபோது அவர் தலையைக் கூடத் தூக்கவில்லை. "வர்க்கி தின்ன கையோட வந்துட்டீங்ளாக்கு? போயிக் கழுவிட்டு வாங்க தம்பி. எறும்பெல்லாம் படிக்க வந்துரும்." அந்த மொறுமொறு ரொட்டியை நான் தின்றது டீக்கடையில். டீக்கடை இருந்தது அரை மைல் தள்ளி.

ஆனால் அந்த நூலகத்தில் என்ன இல்லை? நாலைந்து நாட்டு ஆராய்ச்சி இதழ்கள், கட்டுக் கட்டாக. எஸ்டேட் எஸ்டேட்டாக மழைக் கணக்கு. பழைய வரைபடங்கள். தாளில் ஒட்டிக் காயவைத்த இலைகள். ஓவேலியிலிருந்தோ கிளென்மார்கனிலிருந்தோ ஒருவர், "இலை செவந்து போகுது, என்ன செய்ய?" என்று ஒரு கார்டு போட்டால் போதும். மோப்பம் சார் பத்துப் புத்தகம் புரட்டி, வேண்டிய பக்கத்தைத் தமிழில் தட்டச்சு செய்து, அந்த ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். "பஸ் போற ஊருக்கெல்லாம் நம்ம லைப்ரரி போகுமுங்க" என்பார். கணினி வராத காலம். மலைக்கு அந்தக் கண்டக்டர்கள்தான் இணையம்.

இத்தனைக்கும் மேலே ஒரு பொக்கிஷம்: பழைய காலத்துத் துரை ஒருவர் தேயிலை நோய்களைத் தன் கையால் வண்ணம் தீட்டி, படத்துக்குப் படம் குறிப்பும் தட்டச்சு செய்து சேர்த்த ஆல்பம். உலகத்திலேயே ஒரே பிரதி. அதற்குத் தனி அலமாரி. அதைப் பார்க்கக்கூட மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

தேவாலாவில் சிறு விவசாயிகள் சிலரின் செடிகளில் இனம்தெரியாத கொப்புளங்கள் வந்திருந்தன. போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்லி எனக்கு உத்தரவு. மோப்பம் சார் அந்த ஆல்பத்தை எடுத்து என் கையில் வைத்தார். நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன்.

"சார், இதையா? வேண்டாம் சார்."

"படத்தயும் எலயயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்காம எப்புடீங் கண்டுபுடிப்பீங்க? பொட்டியில கெடந்தா அது அட்டை தம்பி. ஆளுக்குப் போயிச் சேந்தாத்தான் புக்கு." பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளால் அதைக் குழந்தையைப் போலச் சுற்றினார். "ஒரு சொட்டு படக்கூடாதுங்க."

அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் தாள் சுற்றுக்கு வந்திருந்தது. கடைசிக் கையெழுத்து நூலகருடையது: எடுத்த புத்தகங்கள் நல்ல நிலையில் திரும்பின என்று. திங்கட்கிழமைக்குள் அது கிடைக்காவிட்டால் நான் வீட்டுக்குப் போகலாம்.

தேவாலாவில் வேலை அழகாக முடிந்தது. இலையைப் படத்தோடு வைத்துப் பார்த்தோம். கொப்புள நோய்தான், ஆரம்ப நிலை, மருந்தடித்தால் போதும். விவசாயிகள் கும்பிட்டார்கள். பெரிய விஞ்ஞானி போல கூடலூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் என் இருக்கைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. என்னிடம் ஒரு புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் தாளும் இருந்தன. எதை எதால் மூடுவது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நான் பிளாஸ்டிக்கை உருவி என் தலையில் போட்டுக்கொண்டேன். ரெண்டே நிமிஷம் என்றுதான் நினைத்தேன். அப்படியே தூங்கிப் போனேன்.

விழித்தபோது என் தலை சுத்தமாகக் காய்ந்திருந்தது. மடியில் ஆல்பம் ஊறிய அவலாகக் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார். "யாரு செத்துட்டாங்க?" என்றார் கண்டக்டர். "இன்னும் இல்லீங்க. திங்கட்கிழமை" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் எங்கள் நிலையத்து மாதிரித் தொழிற்சாலைக்கு ஓடினேன். அங்கே இலையைப் பக்குவப்படுத்தும் டீ மேக்கர் ராமையா அண்ணன் ஆல்பத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இலை காயவைக்கிற டிரையர்ல ஒரு சுத்து..."

"கிறுக்கா ஒனக்கு? படமெல்லாம் பொரிஞ்சி போகும். வாடப்போடுற தொட்டியில வை. இன்னைக்கி எலை வரத்து இல்ல."

பறித்த இலையை வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாடவைக்கும் நீளத் தொட்டி அது. பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, புரட்டி, ஊதி, மறுபடி புரட்டி, பொழுது சாயும்வரை அதன் ஓரத்திலேயே நின்றேன். காய்ந்துவிட்டது! பதினேழாம் படத்தின் சிவப்பு மட்டும் எதிர்ப்பக்கத்துக்குக் குடிபோயிருந்தது. இன்னொரு சங்கடம்: ஆல்பம் முழுக்கப் பச்சைத் தேயிலை வாசம். அந்த மூக்கு நினைவுக்கு வந்தது. வாசத்தை வாசத்தால்தான் அடிக்க வேண்டும் என்று அட்டையின் உட்புறம் முழுக்க நீலகிரித் தைலத்தைத் தடவினேன். என் மூளையை இன்றைக்கும் வியக்கிறேன்.

திங்கட்கிழமை. மோப்பம் சார் கம்பளி சுற்றி, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாளா சளீங் தம்பி. மூக்கு சுத்தமா அடச்சுப் போச்சு. ஒண்ணுந் தெரியறதில்ல."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆல்பத்தையும் மடித்த பிளாஸ்டிக்கையும் வைத்து, தாளை நீட்டினேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பழக்க தோஷம், இன்னொரு கையால் ஆல்பத்தைப் பிரித்தார்.

தைலம் குபீரென்று கிளம்பியது. மோப்பம் சார் தும்மினார். மீண்டும் தும்மினார். மூன்றாவது தும்மலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் நிமிர்ந்தார். நீளமாக, தாராளமாக, ஒரு மூச்சு இழுத்தார். உலகத்தில் தன் குற்றத்தைக் கண்டுபிடிக்கத் தானே மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

"தைலம்" என்றார். "அதுக்கு அடியில பச்சத் தேயில. அதுக்கும் அடியில..." கண்ணை மூடினார். "கூடலூரு பஸ்ஸு."

பிளாஸ்டிக்கை எடுத்து மோந்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "இதுலென்னுங் தம்பி, தேங்காண்ண வாசம்? தலைக்குப் போட்டுக்கிட்டீங்ளா?"

"ஆமாங்க சார்" என்றேன். தொட்டி, காற்று, ராமையா அண்ணன், எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பேனாவை மூடினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் உத்தியோகம் அவர் விரல் நுனியில் புரண்டுகொண்டிருந்தது.

"பதினேழுல சிவப்பு எங்கீங்க?"

"எதுத்த பக்கத்துலங்க."

ஆல்பத்தைப் பட்டென்று மூடினார். "பதினேழுக்குக் கீழ என்னுங்க எழுதியிருந்துச்சு?"

ஒப்பித்தேன். தளிர் இலை, மேற்புறம் சிவந்த குழி, அடிப்புறம் வெளுத்த கொப்புளம், பனிமூட்டம் தொடர்ந்தால் பரவும்.

"இருவத்திரெண்டு?"

அதையும் சொன்னேன். ஒன்பது, முப்பத்தொன்று, நாலு. நாளெல்லாம் ஒவ்வொரு பக்கத்தையும் ஊதிக்கொண்டு நின்றவனுக்கு வேறென்ன வேலை? அத்தனையும் மனப்பாடமாகியிருந்தது. அவர் கேட்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நாஞ் சேந்தப்புறம் இத முச்சூடும் படிச்ச ஆளு யாருமில்லீங்க" என்றார். பேனாவைத் திறந்தார். தாளில் என்னவோ எழுதினார், கையெழுத்திட்டார், நீட்டினார். வெளியே வந்துதான் படித்துப் பார்க்கத் தைரியம் வந்தது.

"பதினேழாம் படம் பழுது, மற்றவை நன்று. வாசகர் சற்று நனைந்திருக்கிறார், காய்ந்துவிடுவார்."

இயக்குநர் அலுவலகத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். நூலக வழக்கம் என்று சொல்லி வைத்தேன். வேலை நிரந்தரமானது. அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இத்தனை மழைக்காலங்களில் அதன் மேல் மட்டும் ஈரம் ஏற நான் விட்டதில்லை.